நான் எழுதாத முடிவு

சிஞ்ச்வட், புனே
14 ஜூன் 2007

திரு. பவானி துரைசாமி அவர்களுக்கு,

உங்களை எனக்குத் தெரியாது. உங்களுக்கு என்னை நன்றாகத் தெரியும். 'குடும்பச்சுடர்' வார இதழில் 'வாசல் விளக்கு எரிகிறது' என்று பதினொரு வாரம் உங்கள் பெயரில் ஒரு தொடர் வந்து முடிந்திருக்கிறது. அதில் முதல் ஒன்பது வாரம் நான் எழுதியது.

'மூன்றாம் மாடி' என்பது என் வலைப்பதிவு. போன வருடம் ஆகஸ்ட்டிலிருந்து இந்த ஜனவரி வரை ஒன்பது பகுதிகள் அதில் எழுதினேன். புனேக்குப் பக்கத்தில் சாகணில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறேன். கம்பெனி பஸ்ஸில் போய் வந்து, சமைத்து, மகளைத் தூங்க வைத்த பிறகு மிஞ்சுகிற நேரத்தில் எழுதியவை அவை. கணவனிடம் அடி வாங்கியது, திருச்சியிலிருந்து மகளோடு கிளம்பியது, இந்த ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலைந்தது, எல்லாம் நடந்தவை. கற்பனை ஒரு வரி கிடையாது. ஒவ்வொரு பகுதியின் அடியிலும் 'அமலா' என்று என் பெயர் இருக்கிறது. அந்த இடத்தில் நீங்கள் உங்கள் பெயரைப் போட்டுக்கொண்டீர்கள்.

சென்னையிலிருந்து ஒரு வாசகி இதழ்களை ஸ்கேன் செய்து அனுப்பியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. உங்கள் முகவரியைப் பத்திரிகை அலுவலகத்தில் கேட்டு வாங்கினேன்.

பெயர்களை மாற்றியிருக்கிறீர்கள். சிஞ்ச்வட்டைச் சேலம் ஆக்கியிருக்கிறீர்கள். ஆனால் அவசரத்தில் ஆக்கியிருக்கிறீர்கள். நான்காவது வாரத்தில் உங்கள் கதாநாயகி சேலம் ரயில் நிலையத்தில் இறங்கி வடாபாவ் வாங்கித் தின்கிறாள். அது இந்தப் பக்கத்துத் தின்பண்டம், சேலத்தில் எந்த நடைமேடையில் வடாபாவ் விற்கிறது? ஐந்தாவது வாரத்தில் ஆட்டோக்காரர் அவளைத் 'தாயி' என்று கூப்பிடுகிறார். உடனே நீங்கள் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: 'பெற்ற தாயிடம் பேசுவதுபோல் அந்த முதியவர் பேசினார்.' ஐயா, இங்கே மராத்தியில் 'தாயி' என்றால் அக்கா. அந்த ஆட்டோக்காரருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. திருடிய பொருள் என்னவென்று தெரிந்துகொள்ளாமலே திருடியிருக்கிறீர்கள்.

இதையெல்லாம்கூடச் சிரித்துவிட்டுப் போயிருப்பேனோ என்னவோ. கடைசி இரண்டு வாரம்தான் என்னை உட்கார விடவில்லை. அது நான் எழுதாதது. அதில் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு கணவன் வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள். வாசலில் நின்று, 'நான்தான் பொறுத்துப் போயிருக்க வேண்டும்' என்று அழுகிறாள். உள்ளே விளக்கு எரிகிறது. சுபம்.

நான் திரும்பிப் போகவில்லை. போகவும் மாட்டேன்.

முதல் ஒன்பது பகுதிகள் என்னுடையவை என்றும், கடைசி இரண்டும் நீங்களாகச் சேர்த்தவை என்றும் அதே இதழில் உங்கள் கையெழுத்தோடு வர வேண்டும். அவர்களுடைய இணையதளத்திலும் தொடரைப் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து அதை எடுத்துவிட வேண்டும். பதில் எழுதுங்கள்.

அமலா


பவானி
23 ஜூன் 2007

அன்புச் சகோதரி அமலாவுக்கு,

ஆசிகள். தங்கள் கடிதம் கண்டு வருந்தினேன். இளம் வயதில் கோபம் இயல்புதான்.

நான் மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தர். இருபத்தைந்து ஆண்டுகளாக எழுதி வருகிறேன். துணுக்கு, சிறுகதை, பக்திக் கட்டுரை என்று எவ்வளவோ. தொடர்கதை என்ற வாய்ப்பு இப்போதுதான் அமைந்தது. ஒரு எழுத்தாளன் நூறு இடத்தில் படிப்பான், நூறு பேரிடம் கேட்பான். எது எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே நினைவிருக்காது. தங்கள் எழுத்தின் சாயல் என் தொடரில் இருக்கலாம். இல்லை என்று நான் சொல்லவில்லை.

ஆனால் தாங்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். இணையம் என்பது தெருக்குழாய் மாதிரி. திறந்து விட்டாயிற்று. குடம் கொண்டு வந்தவனைத் திருடன் என்றால் எப்படி? அச்சில் வந்த நூலுக்கு உரிமை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். கணினியில் தட்டிய குறிப்புக்கெல்லாம் யார் பதிவு செய்து கொடுத்தார்கள்?

தங்கள் பக்கத்தை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? வெளிநாட்டில் இருக்கும் சில இளைஞர்கள். என் தொடரை லட்சக்கணக்கான தாய்மார்கள் படித்தார்கள். தங்கள் வரிகளில் கசப்பு அதிகம். அதைக் குறைத்தேன். முற்றுப்புள்ளி இல்லாத இடத்தில் முற்றுப்புள்ளி வைத்தேன். முடிவு பற்றிக் குறைபட்டிருக்கிறீர்கள். திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு பெண் எனக்கு எழுதியிருக்கிறாள். கைக்குழந்தையோடு பிறந்த வீட்டில் இருந்தவள், அந்த முடிவைப் படித்துவிட்டு மனம் மாறிக் கணவனிடம் போய்விட்டாளாம். பிரிந்திருந்த ஒரு குடும்பம் ஒன்று சேர்ந்தது. எழுத்துக்கு இதைவிட வேறென்ன பேறு வேண்டும்? அதில் தங்களுக்கும் பங்குண்டு என்று மகிழுங்கள்.

பத்திரிகையில் அறிவிப்பு என்பதெல்லாம் வேண்டாத வேலை. என் பெயர் கெடும். தங்கள் பெயரும் தெருவுக்கு வரும். பெண்பிள்ளை, தனியாக இருக்கிறீர்கள். அண்ணன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

என்றும் தங்கள் நலம் விரும்பும்,
பவானி துரைசாமி


சிஞ்ச்வட்
3 ஜூலை 2007

திரு. துரைசாமி,

என்னைச் சகோதரி என்று எழுதாதீர்கள். எனக்கு அண்ணன் யாரும் இல்லை.

நினைவில்லை என்கிறீர்கள். நினைவுபடுத்துகிறேன். என் பதிவின் ஒன்பதாம் பகுதிக்குக் கீழே வந்த பின்னூட்டங்களை அச்செடுத்து இணைத்திருக்கிறேன். பிப்ரவரியில் 'பவானி வாசகன்' என்ற பெயரில் ஒருவர்: 'அருமை சகோதரி, அடுத்த பகுதி எப்போது?' மார்ச்சில் அவரே: 'பத்தாம் பகுதிக்காகக் காத்திருக்கிறேன். தாமதிக்க வேண்டாம்.' ஏப்ரலில் மறுபடியும்: 'என்ன ஆயிற்று? உடனே எழுதவும். அவசரம்.' என்ன அவசரம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. மகள் ரீனாவுக்கு டைபாய்டு. ஆஸ்பத்திரிக்கும் சாகணுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். எங்கோ முகம் தெரியாத ஒருவர் என் எழுத்துக்காக இப்படித் தவிக்கிறாரே என்று, அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து சந்தோஷப்பட்டேன். அதுதான் எனக்கு இப்போது அதிகம் எரிகிறது. நீங்கள் தொடரை ஆரம்பித்துவிட்டுக் கைச்சரக்கு தீர்ந்துபோய் நின்றிருக்கிறீர்கள். நான் எழுதவில்லை என்றதும் நீங்களே என்னைக் கணவன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள்.

தெருக்குழாய் என்கிறீர்கள். இங்கே ராஜஸ்ரீ என்ற வக்கீலைப் பார்த்தேன். எழுதிய உடனேயே அது எழுதியவருக்குச் சொந்தம், பதிவு செய்தாலும் செய்யாவிட்டாலும், காகிதத்தில் எழுதினாலும் கணினியில் எழுதினாலும், என்று சட்டம் சொல்கிறது. நான் வசிக்கிற ஊரிலேயே உங்கள் மேல் வழக்குப் போடலாம் என்றும் சொல்கிறது. நீங்கள் பவானியிலிருந்து புனேவுக்கு வந்து போக வேண்டியிருக்கும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் முடிவு என்ன வேலை செய்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

என் அம்மா சாந்தகுமாரி திருச்சியில் பாலக்கரையில் இருக்கிறாள். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. என் பதிவை அவள் பார்த்ததே கிடையாது. பக்கத்து வீட்டில் 'குடும்பச்சுடர்' வாங்குகிறார்கள். போன வாரம் போன் செய்தாள்.

"ஏண்டி, இதையெல்லாம் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? புஸ்தகத்துல படிச்சுத்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?"

"அம்மா, அது வேற யாரோ என்கிட்டேருந்து திருடிப் போட்டது. கடைசி ரெண்டு வாரம் நான் எழுதவே இல்ல."

"அச்சுல வந்திருக்கேடி. தண்ணி புடிக்குற நீல டிரம்மு, ரீனாவோட ஸ்கூல் பையில துணிய அடைச்சுக்கிட்டுக் கெளம்புனது, அத்தனையும் நம்ம வீட்டு விஷயம். அதெல்லாம் உன்னுது, இது மட்டும் உன்னுது இல்லையா? நீயே மனசு எறங்கிட்டேன்னு நெனச்சு நான் மாப்பிள்ளகிட்ட அட்ரஸக் குடுத்துட்டேனே..."

இத்தனை நாள் கொடுக்காமல் வைத்திருந்த முகவரி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அருண்ராஜ் வந்தான். என் கணவன். கீழே வாட்ச்மேன் அவனைத் தடுக்கவில்லை, வீட்டுக்காரர் என்றானாம். கதவைத் திறந்தால் பெட்டியோடு நிற்கிறான். உங்கள் பத்திரிகையைச் சுருட்டிக் கையில் வைத்திருக்கிறான். சிரித்துக்கொண்டே, "வாசல்ல வெளக்கு எரியுதான்னு பாக்க வந்தேன்" என்றான்.

ரீனாவுக்கு ஏழு வயது. அவள் குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். குடியிருப்பு சொசைட்டியின் செயலாளரும் இன்னும் இரண்டு பேரும் வந்து நின்ற பிறகுதான் அவன் படி இறங்கினான். "நீயே ஊருக்கெல்லாம் எழுதிட்ட, தப்பு உன் மேலன்னு. இனி கோர்ட்டுல பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் போய் வெகு நேரம் ஆகியும் ரீனா தாழ்ப்பாளைத் திறக்கவில்லை.

திண்டுக்கல் பெண்ணைப் பற்றிப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அவள் இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டீர்களா?

அறிவிப்பு வர வேண்டும். பத்திரிகை ஆசிரியருக்கும் இன்றே ஆதாரங்களோடு எழுதியிருக்கிறேன்.

அமலா


பவானி
21 ஜூலை 2007

அம்மா,

தங்கள் கணவர் வந்ததைப் படித்துக் கலங்கிவிட்டேன். சத்தியமாக அப்படி ஆகும் என்று நான் நினைக்கவில்லை. கதையைப் படித்துவிட்டு ஒருவர் பெட்டியோடு ரயிலேறுவார் என்று யார் நினைப்பார்கள்?

ஆனால் தாங்கள் என்னிடம் பொறுமையாக இருக்காமல் ஆசிரியருக்கு எழுதியது சரியில்லை. அவர் என்னைச் சென்னைக்குக் கூப்பிட்டுவிட்டார். எல்லோர் முன்னாலும் தங்கள் காகிதங்களை மேசை மேல் பரப்பி, "என்னய்யா இது?" என்றார். எத்தனையோ வருடம் அந்த அலுவலகத்துக்குத் தபாலில் கதை அனுப்பியிருக்கிறேன். முதல் தடவையாகப் படி ஏறி உள்ளே போனது இதற்காக.

அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். தாங்களே என்னிடம் தங்கள் கதையைச் சொல்லி, 'நீங்கள் எழுதுங்கள்' என்று கேட்டுக்கொண்டதாகவும், அந்த ஒப்புதலோடுதான் எழுதியதாகவும், பிறகு ஏதோ மனத்தாங்கலில் இப்படிப் புகார் செய்கிறீர்கள் என்றும் சொன்னேன். அவரும் அதை ஏற்றுக்கொண்டார். அந்தப்படியே ஒரு குறிப்புப் போடப் போகிறார்கள். தங்கள் பெயர் இருக்காது.

யோசித்துப் பார்த்தால் இது இரண்டு பேருக்கும் கெடுதலில்லாத வார்த்தை. கதை தங்களுடையது என்று ஆகிவிட்டது. திருட்டு இல்லை என்றும் ஆகிவிட்டது. எனக்கு இன்னும் சில வருடம் அலுவலகத்தில் பாக்கி இருக்கிறது. வீட்டில் என் தொடர் வந்த இதழ்களை என் மனைவி சாமி படத்துக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிறாள்.

இதோடு விட்டுவிடுங்கள்.

துரைசாமி


சிஞ்ச்வட்
6 செப்டம்பர் 2007

துரைசாமி,

நீங்கள் சொன்ன கெடுதலில்லாத வார்த்தை கோர்ட்டுக்கு வந்துவிட்டது.

ரீனாவைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி அருண்ராஜ் இங்கே குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறான். மனுவோடு இணைத்திருப்பது என்ன தெரியுமா? உங்கள் கடைசி இரண்டு வாரம். அதற்குப் பின்னால் வாசகர் பக்கத்தில் வந்த குறிப்பு: 'இது சம்பந்தப்பட்ட பெண்மணியே எழுத்தாளரிடம் சொல்லி எழுதச் சொன்ன உண்மைக் கதை.' எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து முத்திரை குத்தியிருக்கிறார்கள். அதாவது, அடி வாங்கிய கதையெல்லாம் நான் ஆத்திரத்தில் கட்டியதாம். பிறகு மனம் திருந்தி, தப்பு என் மேல்தான், திரும்பிப் போகிறேன் என்று நானே ஒரு எழுத்தாளரைக் கூப்பிட்டுச் சொன்னேனாம். இப்போது யார் பேச்சையோ கேட்டுக்கொண்டு மறுக்கிறேனாம். நிலையில்லாத புத்தி உள்ளவளிடம் பெண் குழந்தை வளரக் கூடாதாம்.

என் வக்கீல் ராஜஸ்ரீ இதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அமலா, என்னிடம் மறைக்காதே. இதை நீ எங்கேயாவது, யாரிடமாவது சொன்னாயா?" என்று கேட்டார். என் பக்கம் நிற்கிறவர் கேட்டார். என்னைப் பெற்றவளும் அதையேதான் கேட்டாள். நான் எழுதியதை நம்ப ஆள் இல்லை, நீங்கள் எழுதியதை நம்ப எல்லோரும் இருக்கிறார்கள்.

என் வலது கை மோதிர விரல் இன்னும் முழுதாக மடங்காது. மூன்றாம் பகுதியில் எழுதியிருக்கிறேன். நீங்கள் அதைப் பிரதி எடுத்தீர்கள். ஒரு எழுத்து விடாமல் பிரதி எடுத்தீர்கள். அந்த விரலோடுதான் நான் அதைத் தட்டினேன் என்று தெரிந்தே பிரதி எடுத்தீர்கள். பிறகு அந்த விரலை உடைத்தவன் காலடியில் என்னைக் கொண்டுபோய் விட்டீர்கள். அப்புறம், 'அவளே போகச் சொன்னாள்' என்றும் சொல்லிவிட்டீர்கள். அவன் கையால் செய்ததை நீங்கள் பேனாவால் செய்தீர்கள். உங்களுக்கும் அவனுக்கும் நான் என்ன வித்தியாசம் பார்க்க வேண்டும்?

வழக்கு, நஷ்டஈடு எதுவும் இப்போது எனக்கு வேண்டாம். ஒரே ஒரு காகிதம் வேண்டும். நோட்டரி முன்னால் நீங்கள் கையெழுத்துப் போட்ட பிரமாணப் பத்திரம். அமலா என்ற பெண்ணை நான் பார்த்ததில்லை, பேசியதில்லை. அவள் என்னிடம் எதையும் சொல்லவில்லை. முதல் ஒன்பது பகுதிகளை அவள் அனுமதி இல்லாமல் எடுத்தேன். கடைசி இரண்டையும் நானே கட்டினேன். பத்திரிகையில் சொன்னது பொய்.

இதை எழுத உங்களுக்குக் கற்பனை வேண்டியதில்லை.

அமலா


சிஞ்ச்வட்
24 செப்டம்பர் 2007

பதில் இல்லை. பதிவுத் தபாலை வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சி அட்டை வந்துவிட்டது. அதில் 'பவுன்' என்று கையெழுத்து இருக்கிறது. அது யார் என்று எனக்குத் தெரியாது.

விசாரணை அக்டோபர் கடைசியில். நேற்று ரீனா தன் ஸ்கூல் பையில் துணியை எடுத்து அடைத்து வைத்திருந்தாள். ஏன் என்றேன். "மறுபடி ஓடணும்னா ரெடியா இருக்கலாம்ல" என்றாள்.

நீங்கள் எழுதாத ஒரு பகுதியை உங்களுக்குச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அமலா


பவானி
2 அக்டோபர் 2007

அமலா அவர்களுக்கு,

பவுன் என் மனைவி. நான் அலுவலகத்தில் இருந்தபோது தபால்காரர் கொண்டு வந்ததை அவள் வாங்கிப் பிரித்துவிட்டாள். நான் எழுத்தாளன் ஆன பிறகு வருகிற வாசகர் கடிதங்களை அவள்தான் முதலில் படிப்பாள். அப்படி நினைத்துத்தான் பிரித்திருக்கிறாள். உங்கள் முதல் இரண்டு கடிதங்களும் என் கைக்கே வந்ததால் அவள் பார்க்கவில்லை.

சாயங்காலம் வந்தேன். காப்பி இல்லை. கடிதம் மேசை மேல் இருந்தது.

"ஏனுங்க, இது அந்தப் புள்ள எழுதுனதா, நீங்க எழுதுனதா?"

நான் எதையோ சொல்லத் தொடங்கினேன். கதை, கருத்து, சாயல் என்றெல்லாம்.

"சாயலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீங்களா, அந்தப் புள்ளயா? ஒரு வார்த்தையில சொல்லுங்க."

"அந்தப் புள்ளதான்."

அவள் எழுந்து போய்ச் சாமி படத்துக்குக் கீழே இருந்த இதழ்களை எடுத்துப் பழைய பேப்பரோடு போட்டாள். அந்தத் தொடர் வந்த ஒவ்வொரு வாரமும் அவள் தெருவில் வீடு வீடாகப் போய்ப் படித்துக் காட்டியிருக்கிறாள். விரல் உடைகிற இடத்தில் எல்லோரும் அழுதார்களாம். "அளுதவங்க கிட்ட இப்பப் போயி நான் என்னத்தச் சொல்லட்டும்?" என்றாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

அதற்குப் பிறகும் நான் உடனே எழுதவில்லை. பயம்தான். இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் அலுவலகத்தில் தெரியும், பத்திரிகையில் தெரியும். இனி எந்த இதழும் என் கவரைப் பிரிக்காது. இருபத்தைந்து வருடம் அஞ்சல்தலை ஒட்டித் திரும்பி வந்த கவர்கள் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன. உங்கள் எழுத்தைப் படித்தபோது பொறாமையாக இருந்தது. ஒரு பெண், சிரமமே படாததுபோல் எழுதுகிறாள், அதை யாரும் பார்க்கவில்லை, இதை நான் எழுதியிருக்கக் கூடாதா என்று இருந்தது. இரண்டாம் முறை படித்தபோது நான் எழுதியது மாதிரியே இருந்தது. இது நியாயம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

திண்டுக்கல் பெண்ணுக்கு எழுதினேன். அந்த முடிவு உண்மையில்லை, நிஜத்தில் அவள் திரும்பிப் போகவில்லை என்று எழுதினேன். கடிதம் திரும்பி வந்துவிட்டது. அந்த முகவரியில் அப்படி யாரும் இல்லையாம்.

பிரமாணப் பத்திரம் இத்துடன் இருக்கிறது. நீங்கள் சொன்ன வாசகங்கள் அப்படியே. ஒன்று மட்டும் நானாகச் சேர்த்தேன்: 'பவானி வாசகன்' என்ற பெயரில் எழுதியதும் நானே. நகலை ஆசிரியருக்கும் அனுப்பிவிட்டேன். நேரில் வரச் சொன்னால் வருகிறேன். எனக்கு ஹிந்தி தெரியாது.

துரைசாமி


பவானி
9 நவம்பர் 2007

அமலா அவர்களுக்கு,

புனேயில் சாட்சி சொல்லிவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன். அன்று நீதிமன்ற வராந்தாவில் உங்களிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று வந்தேன். நீங்கள் வக்கீலம்மாவோடு போய்விட்டீர்கள். பவுன் உங்கள் மகளுக்கென்று கொடுத்து அனுப்பிய பையைத் திருப்பிக் கொண்டு வந்து கொடுத்தேன். அவள் அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டு "அந்தப் புள்ள எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். இத்தனை நாளில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

தீர்ப்பு என்ன ஆயிற்று என்று எழுதுவீர்களா? பத்திரிகையில் வருத்தம் தெரிவித்துப் போட்டுவிட்டார்கள், பார்த்திருப்பீர்கள். இனி என் படைப்பு எதுவும் வெளியிடப்பட மாட்டாது என்று எனக்குத் தனியாக ஒரு கடிதம் வந்தது. அலுவலகத்தில் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள். நியாயம்தான்.

இரண்டு கேள்வி கேட்கலாமா? என்னை மன்னிப்பீர்களா? நான் இனிமேல் எழுதலாமா?

துரைசாமி


சிஞ்ச்வட்
2 டிசம்பர் 2007

திரு. துரைசாமி அவர்களுக்கு,

ரீனா என்னிடமே இருக்கிறாள். அருண்ராஜ் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நீதிமன்ற வளாகத்தில், அலுவலர் முன்னிலையில் அவளைப் பார்க்கலாம் என்று இடைக்கால உத்தரவு. வழக்கு முடியவில்லை. ஆனால் உங்கள் கதையை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று நீதிபதி எழுதிவிட்டார். பவுன் அம்மாவிடம் சொல்லுங்கள்: பையை வாங்காமல் போனது அவர் மேல் கோபத்தில் இல்லை. அன்று உங்கள் கையிலிருந்து எதையும் வாங்க என்னால் முடியவில்லை.

பத்திரிகையின் வருத்தத்தைப் பார்த்தேன். மூட்டுவலித் தைலம் விளம்பரத்துக்கு அடியில், அதைவிடச் சின்ன எழுத்தில் இருந்தது. தொடரை இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆசிரியர் எனக்குத் தனியாக எழுதினார். என் பெயரிலேயே முழுவதையும், உண்மையான முடிவோடு வெளியிடத் தயாராம். 'முடிவு மட்டும் கொஞ்சம் இதமாக இருந்தால் நல்லது' என்று ஒரு வரி சேர்த்திருந்தார். முடியாது என்று எழுதிவிட்டேன். பத்தாம் பகுதியை என் பதிவிலேயே போட்டேன். போட்ட வாரமே யாரோ அதை எடுத்து, என் பெயரை வெட்டிவிட்டு, மின்னஞ்சலில் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். என் தொழிற்சாலையில் ஒரு பையனே எனக்கு அதை அனுப்பி, 'படியுங்கள் அக்கா, அழுகை வரும்' என்று எழுதியிருந்தான். அவனுக்கும், அவனுக்கு அனுப்பியவருக்கும், அவருக்கு அனுப்பியவருக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதத்தான் போகிறேன், ஒவ்வொருவருக்கும்.

அம்மா பத்தாம் பகுதியைப் படிக்கவில்லை. அச்சில் வரவில்லையே.

மன்னிப்பீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. என் ஒன்பது பகுதிகளையும் இப்போது எடுத்துப் படித்தால், ஒவ்வொன்றின் அடியிலும் உங்கள் பெயர் எனக்குத் தெரிகிறது. நான் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த வார்த்தைகள் பக்கத்து வீட்டுக்காரர் கையில் புழங்கித் திரும்பி வந்த பாத்திரம் மாதிரி இருக்கின்றன. எந்த உத்தரவும் அதை எனக்குத் திருப்பித் தராது. கோபம் அப்படியே இருக்கிறது. அது போக வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

இனிமேல் எழுதலாமா என்பதை என்னிடம் கேட்காதீர்கள். அந்த அனுமதி என் கையில் இல்லை. ஆனால் அன்று நீதிமன்றத்தில் நடந்த ஒன்று உங்களுக்குத் தெரியாது. ஹிந்தி தெரியாததால் உங்களுக்குப் புரிந்திருக்காது. அதை எழுதாமல் விட்டால் எனக்கு நிம்மதி இல்லை.

உங்களுக்கு மொழிபெயர்க்க வந்தாரே பக்தவத்சலம், கோர்படி ரயில்வே காலனிக்காரர். அவர் குடும்பம் இங்கே மூன்று தலைமுறை. தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. நீங்கள் "அந்த முடிவு என்னுதுங்க" என்று சொன்னீர்கள். அவர் அதை 'ஃபைஸ்லா' என்று ஹிந்தியில் சொன்னார். அதாவது தீர்மானம். அவள் திரும்பிப் போவது என்ற தீர்மானம் யாருடையது, இந்த ஆள் யார் அதைத் தீர்மானிக்க என்று நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். அருண்ராஜின் வக்கீல் உடனே எழுந்துவிட்டார், பார்த்தீர்களா, இருவரும் கலந்து பேசித்தான் முடிவு செய்திருக்கிறார்கள் என்று. நீங்கள் சொன்னது கதையின் கடைசியை என்று நான் ராஜஸ்ரீயின் கையைப் பிடித்துச் சொன்னேன், ராஜஸ்ரீ ஆட்சேபித்தார். பக்தவத்சலம் உங்களிடம் திரும்பி, "அண்ணா, டீக்சே, சரியா சொல்லுங்கோ, என்ன முடிவு? யார் முடிவு?" என்று கேட்டார்.

நீங்கள் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். 'கதையின் முடிவு', 'கற்பனை' என்றெல்லாம் ஏதோ சொல்லப் போகிறீர்கள் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் மறுபடியும் குழம்பியிருக்கும்.

நீங்கள் சொன்னீர்கள்: "அவங்க திரும்பிப் போகலீங்க. நான்தான் போக வெச்சேன்."

அதை யாராலும் தப்பாக மொழிபெயர்க்க முடியவில்லை. நீதிபதி தலையாட்டி எழுதிக்கொண்டார்.

உங்கள் பெயரில் நான் இதுவரை படித்ததில் நன்றாக இருந்ததெல்லாம் என்னுடையது. உங்களுடையதாக நான் கேட்ட நல்ல வாக்கியம் அது ஒன்றுதான்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

அமலா